பூங்கா நிலத்தில் மைதானமா, மரங்களா? கூட்டங்களில் கண்டதும் கேட்டதும்

கருத்துக்கேட்புக் கூட்டத்தில் பேசியவர்:

பொதுப் பூங்காவின் பின்பகுதியில் புல்லும் புதரும் மண்டிய நிலத்தைச் சமன்செய்து விளையாட்டு மைதானம் அமைக்கலாமா என்று கேட்டு நடந்த கூட்டம் ஒன்றில் கலந்துகொண்டேன். அங்கே நடந்ததை எழுதுகிறேன். உங்கள் பகுதியிலும் இதே பேச்சு எழுந்திருந்தால் நீங்களும் எழுதுங்கள்.

சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தில் மைதானத்துக்கு ஒரு நிறம், ஓடுபாதைக்கு ஒரு நிறம், வாகன நிறுத்தத்துக்கு ஒரு நிறம். இப்போது அங்கே இருப்பதற்கு மட்டும் நிறம் இல்லை; வெறும் வெள்ளை. திட்டத்தை விளக்கிய அதிகாரி "பயன்படாமல் கிடக்கும் நிலம்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது அந்த இடத்தில்தான். மழை பெய்தால் பூங்காவின் நீரெல்லாம் வடிந்துவந்து தேங்கி, மண்ணுக்குள் இறங்குவது அந்தத் தாழ்வான பகுதியில்தான். ஆள்காட்டிக் குருவி முட்டையிடுவதும் அங்கேதான். அது மரத்தில் கூடு கட்டாது. வெறும் தரையில் சிறு பள்ளம் பறித்து, மண்ணோடு மண்ணாகத் தெரியும் புள்ளி போட்ட முட்டைகளை இடும். பொக்லைன் ஓட்டுபவரின் கண்ணுக்கு அவை தெரியவே தெரியாது. இதையெல்லாம் எழுந்து நின்று சொன்னேன். கைதட்டினார்கள்.

எனக்கு அடுத்து ஒரு பள்ளி மாணவி பேசினாள். "அப்படியானால் நாங்கள் எங்கே விளையாடுவது?" என்று கேட்டாள். இருக்கிற ஒரே திறந்தவெளியை மாலையில் பெரியவர்களின் அணிகள் பிடித்துக்கொள்கின்றன. பெண்களின் முறை வரும்போது பந்து கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு இருட்டிவிடுகிறது என்றாள். எங்கள் பக்கத்திலிருந்து ஒருவர் "பள்ளி மைதானம் இருக்கிறதே" என்றார். "மணி அடித்ததும் பூட்டிவிடுவார்கள்" என்று உடனே பதில் வந்தது. கூடத்தில் சத்தமே இல்லை. 5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 60 நிமிடமாவது உடல் நன்றாக உழைக்கும்படி ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. அந்தப் பெண்ணுக்கு அதற்கு இடமில்லை. பறவைக்காகப் பேசுகிறவர்கள் அவளுக்கும் சேர்த்துப் பதில் வைத்திருக்க வேண்டும் என்பதே என் எண்ணம்.

கூட்டம் முடிந்ததும் அவளிடமும் அவளுடைய தோழிகளிடமும் பேசினேன். அவர்கள் கேட்பது அணிக்கு ஏழு பேர் ஆடும் சிறிய மைதானம். மண் தரையே போதும். வரைபடத்தில் இருந்ததோ 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் கொண்ட முழு அளவுக் கால்பந்துத் திடல். ஆடுகளம் மட்டுமே 7,140 சதுர மீட்டர். சுற்றிலும் விடவேண்டிய இடம், பார்வையாளர் படிகள், வேலி, வாகன நிறுத்தம் ஆகியவற்றையும் சேர்த்தால் ஒரு ஹெக்டேரைத் தாண்டிவிடும். தரைக்குச் செயற்கைப் புல். போட்டிகள் நடத்துபவர்களுக்கு மணிக்கணக்கில் வாடகைக்கு விடலாம் என்ற வரி கடைசிப் பக்கத்தில் இருந்தது. குழந்தைகளா, குருவிகளா என்று ஒரு மாலை முழுவதும் நாங்கள் வாதாடினோம். அந்தத் திட்டத்தில் இருவருக்குமே இடம் இல்லை.

பெண்கள் அணிக்குப் பயிற்சி கொடுப்பவர்:

இதை நான் பார்த்தே இருக்கிறேன். நாங்கள் பயிற்சி எடுத்த பூங்கா மைதானத்தில் டர்ஃப், அதாவது செயற்கைப் புல்தரை, போடப்போகிறோம் என்றபோது இனிப்பு வழங்காத குறைதான், அவ்வளவு மகிழ்ந்தோம். முதலில் வேலி வந்தது. அடுத்து பூட்டு. பிறகு முன்பதிவு. மாணவர்களுக்கு இலவச நேரம் என்று வாய்வார்த்தையாகத்தான் சொல்லியிருந்தார்கள். எழுத்தில் எதுவும் இல்லை. அந்த இலவச நேரமும் நடுப்பகலுக்குப் போயிற்று. வெயிலில் செயற்கைப் புல்தரை எப்படிக் கொதிக்கும் என்பது அதில் விழுந்து எழுந்தவர்களுக்குத் தெரியும். உயிருள்ள புல் நீரை ஆவியாக்கித் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. பிளாஸ்டிக் இழைக்கு அது முடியாது. முழங்கால் தோல் வழன்றுபோன பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பழைய மண் தரைக்கே திரும்பினோம்.

இன்னொன்று. அந்தப் புல் இழைகள் சாயாமல் நிற்க நடுவே கறுப்பு ரப்பர்த் துகள்களைக் கொட்டுவார்கள். பழைய டயர்களை அரைத்துச் செய்தவை. காலணியிலும் காலுறையிலும் ஒட்டிக்கொண்டு வீடுவரை வரும். மழைநீரோடு வடிகாலுக்கும் போகும். நுண்பிளாஸ்டிக் பரவுவதைத் தடுக்க ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் கொண்டுவந்த விதியில் இந்தத் துகள்களும் அடங்கும். 2031 அக்டோபருக்குப் பிறகு அங்கே அவற்றை விற்க முடியாது. ஒரு டர்ஃபின் ஆயுளே ஏறக்குறைய பத்து ஆண்டுதான். பிறகு அதைச் சுருட்டி எங்கே போடுவது என்று எந்தக் கூட்டத்திலாவது கேட்டுப் பாருங்கள்.

ஆனால் முதலில் எழுதியவரிடம் ஒரு சொல். "இயற்கையைக் காப்போம்" என்ற பதாகைகளோடு வருகிறவர்களில் பலர் காலையில் நடைபயிற்சி முடித்துப் போய்விடுகிறவர்கள். எங்கள் பிள்ளைகள் கத்துவதும் பந்து அடிப்பதும் அவர்களுக்குத் தொந்தரவு. பறவையைக் காரணம் காட்டிப் பிள்ளைகளைத் துரத்துவதையும் நான் பார்த்திருக்கிறேன். அது எனக்கு ஆறவே இல்லை.

பூங்காப் பராமரிப்பில் வேலை செய்தவர்:

மண்ணைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மரத்தின் வேர் ஆழமாகக் கீழே இறங்குகிறது என்று நினைத்துத்தான் பலர் திட்டம் போடுகிறார்கள். உணவும் நீரும் உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி மேல் மண்ணில், அரை மீட்டர் ஆழத்துக்குள்தான் இருக்கிறது. அதுவும் கிளைகளின் நிழலைத் தாண்டி வெளியே பரவியிருக்கும். நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு மரத்தையும் வெட்டாமல் ஓடுபாதை அமைத்துவிட்டதாகப் பெருமையோடு அறிவித்தார்கள். லாரியும் ரோலரும் ஓடியதில் மண் இறுகிப்போனது. பாதைக்காகத் தோண்டியபோது வேர்களும் அறுந்தன. மரங்கள் உடனே சாகவில்லை. முதலில் உச்சிக் கிளைகள் காய்ந்தன. பிறகு ஒவ்வொன்றாகப் பட்டுப்போயின. அதற்குள் ஒப்பந்தக்காரர் கணக்கை முடித்துப் போய்விட்டார். பழி வறட்சியின்மேல் விழுந்தது.

ஏற்கெனவே மிதிபட்டு இறுகிய திடலை வைத்துக்கொண்டு புதரை அழிப்பது வீண் வேலை. அந்தத் திடலைக் கிளறிவிட்டு, மணலும் மட்கிய உரமும் கலந்து, நீர் வடியச் சரிவு கொடுத்து, புல் வளரும்வரை ஒரு பகுதியை மாற்றி மாற்றி ஓய்வில் விட்டால் அங்கேயே நன்றாக விளையாடலாம். யாரும் ரிப்பன் வெட்ட வரமாட்டார்கள் என்பதால் இந்த வேலைக்குப் பணம் ஒதுக்குவதில்லை.

பயணத்தில் ஒரு பூங்காவைப் பார்த்தவர்:

ஜெர்மனியின் பெர்லின் நகரில் டெம்பெல்ஹோஃப் என்ற பழைய விமான நிலையம் 2008இல் மூடப்பட்டு, 2010இல் பூங்காவாகத் திறக்கப்பட்டது. சுமார் 300 ஹெக்டேர் வெட்டவெளி. நான் போனபோது விமானம் ஓடிய தார்த்தளத்தில் சைக்கிளும் சறுக்குச் சக்கரமும் ஓடிக்கொண்டிருந்தன. பக்கத்துப் புல்வெளியில் வானம்பாடிகள் தரையில் கூடு வைக்கும் பகுதியை, இனப்பெருக்கக் காலத்தில் யாரும் நுழையாதபடி வேலியிட்டு ஒதுக்கியிருந்தார்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் பட்டம் விடும் பிள்ளைகள், அந்தப் பக்கம் பறவைகள். அதன் ஓரங்களில் கட்டடம் எழுப்ப நகர நிர்வாகம் திட்டமிட்டது. 2014 மே மாதம் நடந்த பொதுவாக்கெடுப்பில் மக்கள் அதை மறுத்துவிட்டார்கள். அவ்வளவு பெரிய இடத்தில் பிரித்துக்கொள்வது எளிது, சிறிய பூங்காவில் அப்படி முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பருவத்தைப் பார்த்து வேலியை நகர்த்துவதற்கு 300 ஹெக்டேர் தேவையில்லை.

கருத்துக்கேட்புக் கூட்டத்தில் பேசியவர்:

பயிற்சியாளர் சொன்னது சரியான கோபம். பதாகை பிடித்தவர்களிடம் அதை அப்படியே படித்துக் காட்டினேன். சிலர் முகம் சுளித்தார்கள், சிலர் எங்களோடு வந்தார்கள்.

இரண்டாவது கூட்டத்துக்கு நானும் அந்த மாணவிகளும் ஒரே மனுவோடு போனோம். பின்பகுதி நிலத்தைத் தொடக்கூடாது. முன்பக்கத்து இறுகிய திடலைச் சீர்செய்து அங்கேயே சிறிய மைதானம் அமைக்க வேண்டும். பூட்டும் வாடகையும் கூடாது. மாலையில் பெண்களுக்கான நேரத்தை எழுத்தில் உறுதிசெய்து வாசலிலேயே எழுதிவைக்க வேண்டும். பள்ளி மைதானத்தை மணி அடித்த பிறகும் திறந்துவைக்கப் பள்ளியோடு உடன்பாடு செய்ய வேண்டும். முழு அளவுத் திடலைக் கைவிடுவதாக அதிகாரி சொன்னார். பள்ளி மைதானத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. வாடகை பற்றிய வரி இன்னும் கோப்பில் இருக்கிறது.

அடுத்த கூட்டத்தில் ஃப்ளட்லைட் பற்றிய பேச்சு வருகிறது. மாணவிகளுக்கு விளக்கு வேண்டும்; அதில் நான் அவர்கள் பக்கம். ஆனால் நீலம் கலந்த வெள்ளை ஒளி பூச்சிகளை அதிகமாக இழுக்கும், வௌவால்களைப் புதர்ப்பகுதியிலிருந்து விரட்டும். மஞ்சள் சாயலுள்ள விளக்கு, ஒளி திடலுக்கு வெளியே சிதறாத மூடி, ஆட்டம் முடிந்ததும் தானே அணையும் ஏற்பாடு ஆகிய மூன்றையும் கேட்கப்போகிறோம். இப்படி விளக்கு அமைத்த மைதானத்தில் இருட்டிய பிறகு விளையாடியவர்கள் யாராவது இருந்தால், பந்து தெளிவாகத் தெரிகிறதா, பெண்கள் வீடு திரும்பும் பாதையில் வெளிச்சம் போதுமா என்று கூட்டத்துக்கு முன்பே எழுதுங்கள்.