ஆத்து வாய்ல தோண்டுற மண்ண கடற்கரைல கொட்டப் போறாங்களாம், நிக்குமா?

பெர்ரிங்கி கடைக்காரன்

வணக்கம் எல்லாருக்கும். மலேசியால பினாங்கு தீவுல இருக்குற பத்து பெர்ரிங்கிங்கிற ஊர்ல கடற்கரை ஓரமா எங்க மாமாவுக்கு ஒரு சாப்பாட்டுக் கடை இருக்கு, கணக்கு வழக்கெல்லாம் நான்தான் பாக்குறேன். கடைக்குப் பக்கத்துல ஒரு சின்ன ஆறு கடல்ல வந்து விழுது. அந்த வாய்ல மண்ணு சேந்து சேந்து இப்ப தண்ணி வத்துற நேரத்துல போட்டு (படகு) வெளிய போக முடியல, பாராசெய்லிங் பசங்க, மீன் புடிக்கிற பாக்சிக்குங்க எல்லாம் தண்ணி ஏறுற வரைக்கும் உக்காந்து சிகரெட் ஊதிக்கிட்டு கெடக்காங்க. ஆனா கடை முன்னாடி பாத்தா நேர் எதிரு. மணலே இல்ல. சவுக்கு மரத்து வேரெல்லாம் வெளிய நீட்டிக்கிட்டு நிக்குது, பெரிய தண்ணி வர்ற நாள்ல அலை கடை படிக்கட்டுல வந்து அடிக்குது, மேசை போட எடமில்ல.

அடுத்த மாசம் ஒரு டயலாக், அதான் மக்கள் கருத்து கேக்குற கூட்டம், வச்சிருக்காங்க. ஆத்து வாய தோண்டி அந்த மண்ண அப்படியே கரைல கொட்டுறதாம், ரெண்டு பிரச்சனையும் ஒரே செலவுல தீந்துரும்னு சொல்றாங்க. மாமாவுக்கு ரொம்ப சந்தோஷம். பக்கத்து ஹோட்டல்காரங்க அதெல்லாம் வேலைக்கு ஆகாது, கல்லு சுவர்தான் கட்டணும்னு சொல்றாங்க. எனக்கு எது சரின்னு தெரியல, அங்க போய் சும்மா தலையாட்டிட்டு கறிபாப் சாப்ட்டுட்டு வரக்கூடாதுல்ல. தெரிஞ்சவங்க சொல்லுங்க, என்னென்ன கேக்கணும்?

செந்தூல் மணி

மண்ண கடல்ல கொட்டுறதும் காச கடல்ல கொட்டுறதும் ஒண்ணுதான் பாஸ். ஒரு பருவக்காத்து வந்தா காலி. ஹோட்டல்காரன் சொல்றதுதான் கரெக்ட், பெரிய கல்லா போட்டு மூடு, முடிஞ்சது கதை.

தண்ணிமட்டம்

மணி, கல்லு போட்டா கல்லுக்குப் பின்னாடி இருக்குற நெலம் நிக்கும், கல்லுக்கு முன்னாடி இருக்குற மணல் நிக்காது. அலை சுவர்ல அடிச்சி திரும்புற வேகத்துல அடில இருக்குற மண்ண கிண்டி எடுத்துரும், அதோட சுவர் முடியிற எடத்துல பக்கத்து நெலத்த குடைய ஆரம்பிக்கும். ஹோட்டலுக்கு அது ஓகே, அவங்ககிட்ட ஸ்விம்மிங் பூல் இருக்கு. கடற்கரைய நம்பி கடை வச்சிருக்கிறவருக்கு அது சரிப்படாது. பினாங்கு டவுன் கடலோர ரோடு கர்னி டிரைவ் பாருங்க, எங்க தாத்தா காலத்துல அங்க மணல் இருந்துச்சாம், அப்பறம் சுவரும் சேறும்தான் மிஞ்சுச்சு.

நான் ரொம்ப வருஷம் கடல் சர்வே போட்டுல வேலை செஞ்சவன், அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன் பொறுத்துக்குங்க.

கடைக்காரரே, ஆத்து வாய அடைச்சிக்கிட்டு நிக்கிற மண்ணுல பாதி உங்க கடை முன்னாடி வந்து சேர வேண்டிய மண்ணா இருக்கலாம். அலை நேரா வந்து கரைல மோதாது, கொஞ்சம் சாஞ்சி வரும், அதனால மண்ணு கரையோரமா ஒரு பக்கமா நகந்துக்கிட்டே இருக்கும். நடுவுல ஆத்து வாய் வந்தா அதுக்குள்ள கொஞ்சம் விழும், வெளிய திட்டா கொஞ்சம் நிக்கும், அந்தப் பக்கம் இருக்குற கரை பட்டினி. சென்னை மெரினா எப்படி வந்துச்சு? 19ஆம் நூற்றாண்டு கடைசில துறைமுகச் சுவர் கட்டுனாங்க, வடக்க போயிக்கிட்டு இருந்த மண்ணு தெக்கு பக்கமே தங்கி அவ்ளோ பெரிய கடற்கரை ஆச்சு, வடக்க ராயபுரம் பக்கம் கடல் உள்ள வந்து இன்னிக்கும் கல்லுதான் கொட்டிக்கிட்டு இருக்காங்க. நம்ம ஊர்லயே கோல திரெங்கானு ஏர்போர்ட் ரன்வேய கடலுக்குள்ள நீட்டுனதுக்கு அப்பறம் பக்கத்துல தோக் ஜெம்பால் கம்போங் (கிராமம்) கரைய கடல் அரிச்சது எல்லாருக்கும் தெரியும். அதனால தோண்டுன மண்ண தூரக் கடல்ல கொண்டு போய் கொட்டாம, லோரில ஏத்தி விக்காம, கரைக்கே திருப்பிக் குடுக்குறது நல்ல யோசனைதான். எதுக்குறதுக்கு ஒண்ணுமில்ல.

ஆனா மூணு விஷயத்துல ஏமாந்துருவீங்க.

மொதல்ல, அது மணலா சேறா? பினாங்கு தீவு மலையெல்லாம் கருங்கல்லு, அதனால ஆத்துல வர்றது நல்ல பருமணல். ஆனா தண்ணி ஓட்டம் இல்லாத வளைவுல, பாலத்துக்கு அடில, கடைங்க சாக்கடைய விடுற எடத்துல கறுப்பா சேறு தங்கியிருக்கும். நீங்களே பாக்கலாம். கண்ணாடி போத்தல்ல கால்வாசி மண்ணு, மிச்சம் தண்ணி, மூடி போட்டு நல்லா குலுக்கி மேசைல வைங்க. மணலா இருந்தா ஒரு நிமிஷத்துக்குள்ள அடில உக்காந்துரும், மேல தண்ணி தெளிஞ்சிரும். ஒரு மணி நேரம் கழிச்சும் தேத்தண்ணி மாதிரி நின்னா அத கரைல கொட்ட விடாதீங்க. மேலாப்புல மட்டும் எடுக்காதீங்க, ஒரு மீட்டர் ஆழம் போட்டு எடுங்க, ஏன்னா மண்ணு தோண்டுற மெஷின் பெக்ஹோ அந்த ஆழத்துக்குத்தான் போகும். அப்பறம் உங்க கரைல இப்ப இருக்குற மணலயும் ஒரு போத்தல்ல போட்டு பக்கத்துல வச்சி பாருங்க. கொட்டுற மணல் அதவிட சன்னமா இருந்தா நிக்காது, அதே பருமன் இல்ல கொஞ்சம் பெருசா இருக்கணும்.

ரெண்டாவது, எவ்ளோ மண்ணு. இங்கதான் டயலாக்ல யாரும் வாய் தொறக்க மாட்டாங்க. சும்மா ஒரு கணக்கு போடுறேன். 300 மீட்டர் நீளக் கரைய 15 மீட்டர் அகலமாக்கணும்னு வைங்க. மணல் காஞ்ச மேட்டுல மட்டும் நிக்காது, தண்ணிக்குள்ளயும் சரிவா இறங்கி நிக்கும், மேட்டுல இருந்து அலை மண்ண அசைக்கிற ஆழம் வரைக்கும் மொத்தம் 5 மீட்டர்னு வச்சாலே 22,500 கன மீட்டர் வேணும். லோரிக்கு 10 கன மீட்டர்னா 2,250 லோரி. உங்க ஆத்து வாய 200 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழம் தோண்டுனாங்கன்னா கெடைக்கிறது 3,000 கன மீட்டர்தான். அதே கரைல பரப்புனா அகலம் 2 மீட்டர் கூடும், அவ்ளோதான். ரெண்டு மேசை போடலாம். அதனால ஒரே செலவுல ரெண்டு பிரச்சனையும் தீந்துரும்ங்கிறதுல ஒண்ணுதான் தீரும், போட்டு வெளிய போகும். கரைக்கு மிச்ச மண்ணு எங்க இருந்து வருதுன்னு கேளுங்க.

மூணாவது, எந்தப் பக்கம் கொட்டப் போறாங்க? மண்ணு நகர்ற தெசைல, ஆத்து வாய்க்கு அந்தாண்ட கொட்டணும். லோரி போக வசதின்னு இந்தப் பக்கம் கொட்டுனா மறுபடி நேரா வாய்க்குள்ளயே போய் விழும், அடுத்த வருஷம் அதே மண்ணுக்கு மறுபடி பில்லு. உங்க எடத்துல எந்தப் பக்கம் நகருதுங்கிறது பருவக்காத்துக்கு ஏத்த மாதிரி மாறும், வருஷக் கணக்குல பாத்து மிச்சம் எந்தப் பக்கம்னு சொல்ற சர்வே இருக்கணும். பினாங்குக்கு ஐ.எஸ்.எம்.பி-னு ஜே.பி.எஸ் (அரசாங்க வடிகால் நீர்ப்பாசன இலாகா) போட்ட கரையோரத் திட்டம் இருக்கு, உங்க பகுதிக்கு அதுல என்ன எழுதியிருக்குன்னு மொதல்ல கேட்டு வாங்குங்க.

தஞ்சோங் தோக்கோங் அக்கா

தண்ணிமட்டம் அண்ணன் சொன்ன சேறு விஷயத்த லேசா எடுத்துக்காதீங்க தம்பி. சேறு கலந்த மண்ணக் கொட்டுனா மொத ஒரு வாரம் கறுப்பா நாறும், வெயில்ல காஞ்சதும் சாம்பல் கலர்ல சிமெண்டு மாதிரி இறுகிரும், புள்ளைங்க ஓடி வெளையாடவும் முடியாது. நாத்தம் வர்ற கரைல உங்க கடைல யாரு வந்து உக்காருவா.

இன்னொண்ணு ஆமை. பினாங்கு கெராச்சுட் கடற்கரைல முட்டை போட வர்ற பச்சை ஆமைங்க நம்ம பக்கத்து கரைக்கும் எப்பவாச்சும் ஏறும். புது மண்ண பெக்ஹோ வச்சி மிதிச்சி கெட்டியாக்கிட்டா ஆமையால குழி தோண்ட முடியாது, அலை வெட்டி சுவர் மாதிரி நின்னுட்டா மேல ஏறவும் முடியாது. மண்ணோட கலரு மாறுனா சூடு மாறும், சூடு மாறுனா முட்டைல ஆணு பொண்ணு கணக்கே மாறிரும், இது சத்தியமான விஷயம். வேலைய எந்த மாசத்துல வைக்கிறாங்க, முடிச்சதும் மேல் மண்ண உழுது விடுவாங்களான்னு கேளுங்க.

பெர்ரிங்கி கடைக்காரன்

ரொம்ப நன்றி. போத்தல் டெஸ்ட் செஞ்சி பாத்தேன், கடைல சம்பல் வைக்கிற போத்தல்தான், மாமி திட்டுனாங்க. வாய்ல கடல் பக்கமா எடுத்தது டக்குனு உக்காந்துருச்சி, பருமணல், மினுக்கு மினுக்குனு இருக்கு, எங்க கரை மணல் மாதிரியேதான். பாலத்துக்குக் கீழ எடுத்தது மோசம் அண்ணே, மத்தியானம் வச்சது சாயங்காலம் வரைக்கும் கலங்கலா நின்னுச்சு, மூடிய தொறந்தா சாக்கடை நாத்தம்.

அப்ப பாதி நல்லது பாதி கெட்டதுன்னா என்ன செய்றது? அப்பறம் ஆத்து மண்ணு கொஞ்சமா இருக்கே, மாமா நாமளே லோரி வச்சி மணல் வாங்கிக் கொட்டிரலாமான்னு கேக்குறாரு, கட்டடத்துக்கு விக்கிற மணல்.

தண்ணிமட்டம்

மாமாகிட்ட வேணாம்னு சொல்லுங்க. உங்க கடை முன்னாடி மட்டும் 40 மீட்டருக்குக் கொட்டுனா அது ரெண்டு பக்கமும் பரவி ஹோட்டல் முன்னாடி போய் நிக்கும், நீங்க காசு குடுத்து அவங்களுக்கு கடற்கரை போட்ட மாதிரி ஆயிரும். நீளம் கம்மியா கம்மியா சீக்கிரம் கரையும். அதோட கடற்கரை மாநில நெலம், நம்ம இஷ்டத்துக்கு கொட்டவும் முடியாது அள்ளவும் முடியாது, ஆத்து மண்ணுக்கும் பெஜாபாட் தானா (நில அலுவலகம்) பெர்மிட் வேணும்.

மண்ணப் பிரிக்கிறது கஷ்டமே இல்ல. கடல் பக்கத்து மணல் கரைக்கு, பாலத்தடி சேறு தனியா ஏத்தி அனுமதி உள்ள எடத்துக்கு. கொன்ட்ராக்ட்லயே ரெண்டு ரேட்டா எழுதணும். ஒரே ரேட்டுனா கொன்ட்ராக்டர் எல்லாத்தையும் கிட்ட இருக்குற உங்க கரைலதான் தள்ளுவான், அதான் அவனுக்கு லாபம். அளவ லோரி சீட்டு வச்சி கணக்கு பண்ண விடாதீங்க, தோண்டுறதுக்கு முன்னாடி ஒரு சர்வே பின்னாடி ஒரு சர்வே, ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்குத்தான் காசு.

இன்னொரு விஷயம், மண்ணு கொட்டி மொத சில மாசத்துல மேட்டுல பாதி காணாமப் போன மாதிரி தெரியும். அதுல பெரும்பகுதி தண்ணிக்குள்ள சரிவா இறங்கி நிக்கிற மண்ணுதான், மேல வர்ற அலைய அதுதான் வேகம் கொறைக்கும். அத பாத்துட்டுத்தான் மணி மாதிரி ஆளுங்க காசு கடல்ல போச்சின்னு சொல்றது. அதுக்குத்தான் தண்ணிக்குள்ளயும் சர்வே வேணும்ங்கிறேன். நீங்க இப்பவே ஒரு சவுக்கு மரத்துல பெயிண்ட் அடிச்சி அதுல இருந்து தண்ணி வரைக்கும் டேப் புடிச்சி போட்டோ எடுத்து வைங்க, மாசாமாசம் தண்ணி வத்துன நேரத்துல. ஒப்பிடும்போது இந்த ஜூன அடுத்த ஜூனோட ஒப்பிடுங்க, டிசம்பரோட ஒப்பிட்டா பருவக்காத்து வித்தியாசத்த அரிப்புன்னு நெனச்சிருவீங்க.

கோல மூடா பையன்

எங்க அப்பா போட்டு வச்சிருக்காரு அதனால போட்டுக்காரங்க பக்கத்துல இருந்து சொல்றேன். ஆத்து வாய் ஒருதடவ தோண்டுனா தீர்ற வேலை இல்ல. சின்ன ஆறுன்னா தண்ணிக்கு தள்ளுற பலம் கம்மி, பெருமழை வந்தா தொறக்கும் அலை வந்தா மூடும். கொஞ்ச நாள்ல ரெண்டு பக்கமும் கல்லு நீட்டி வாய நிரந்தரமா தொறந்து வைக்கலாம்னு யாராச்சும் சொல்லுவாங்க பாருங்க, போட்டுக்காரங்க கை தட்டுவாங்க, நானும் தட்டுவேன், ஆனா அந்தக் கல்லு நிக்கிற நாள்ல இருந்து உங்க கரைக்கு மண்ணு வரவே வராது. அப்படி கட்டுனா மண்ண இந்தாண்ட இருந்து அந்தாண்ட மாத்திக்கிட்டே இருக்கணும். ஆஸ்திரேலியால ட்வீட் ஆறுல 2001ல இருந்து பம்ப் போட்டு வருஷத்துக்கு ஏறக்குறைய 500,000 கன மீட்டர் மணல கோல்ட் கோஸ்ட் பக்கம் அனுப்புறாங்க, நிறுத்தவே முடியாது. நம்மளுக்கு பம்ப் எல்லாம் வேணாம், வருஷத்துக்கு ஒருதடவ பெக்ஹோ வந்தா போதும், ஆனா அது எழுத்துல இருக்கணும்.

செந்தூல் மணி

சரி சரி, கல்லு வேணாம் ஒத்துக்கிறேன். ஆனா நான் சொன்னதுல ஒண்ணு இன்னும் நிக்குது, மொத தடவ எலெக்ஷன் வரும் காசு வரும், ரெண்டாவது தடவ யாரு குடுப்பா? நாடு முழுக்க 2015 ஆய்வுல 8,800 கிலோமீட்டர் சொச்சம் கரைல 1,300 கிலோமீட்டருக்கு மேல அரிக்குதுன்னு ஜே.பி.எஸ்ஸே சொல்லியிருக்கு, உங்க 300 மீட்டர் அந்த வரிசைல எங்க நிக்கும்?

தஞ்சோங் தோக்கோங் அக்கா

மணி கேக்குறது நியாயம்தான். அமெரிக்கால நார்த் கரோலினால கரோலினா பீச், ரைட்ஸ்வில் பீச்னு ஊருங்க இருக்கு, மூணு நாலு வருஷத்துக்கு ஒருதடவ மண்ணு போடணும்னு ஆரம்பத்துலயே ஒத்துக்கிட்டு, ஹோட்டல் ரூம் வரில ஒரு பங்க அதுக்குன்னே ஒதுக்கி வைக்கிறாங்க. பக்கத்துல கடல் உள்ள வர்ற வாய்ல எடுக்குற மணலத்தான் பெரும்பாலும் போடுறாங்க. நம்ம பினாங்குலயும் 2014ல இருந்து ஹோட்டல் ரூமுக்கு ஒரு ராத்திரிக்கு 2 வெள்ளி 3 வெள்ளின்னு வாங்க ஆரம்பிச்சாங்கல்ல, பெர்ரிங்கி ஹோட்டலுங்க கட்டுறதுல ஒரு பங்கு பெர்ரிங்கி கரைக்கு வரணும்னு கேளுங்க. கல்லு சுவர் கேக்குற உங்க பக்கத்து ஹோட்டல்காரங்களையே சேத்துக்கிட்டு கேளுங்க தம்பி, கடற்கரை இல்லாத பீச் ஹோட்டலுக்கு எவன் வருவான்னு அவங்களுக்கும் தெரியும்.

பெர்ரிங்கி கடைக்காரன்

ஹோட்டல் மேனேஜர்கிட்ட நாளைக்கு பேசுறேன் அக்கா, அவரு நம்ம கடைலதான் காலைல ரொட்டி சானாய் சாப்பிடுறாரு. தண்ணிமட்டம் அண்ணே, அந்த ரெண்டு ரேட்டு, முன்ன பின்ன சர்வே, வருஷா வருஷம் தோண்டுறது, இந்த மூணையும் மலாய்ல ஒரு பக்கம் கடிதமா எழுதணும், எனக்கு அந்த எஞ்சினியர் மலாய் வராது. உதவி பண்ண முடியுமா?

தண்ணிமட்டம்

தாராளமா. ஆத்து வாயோட போட்டோ, போத்தல் போட்டோ ரெண்டும் அனுப்புங்க, எங்க எங்க எடுத்தீங்கன்னு மேப்புல புள்ளி வச்சி. மண்ணு எந்தப் பக்கம் கொட்டணும்ங்கிறதயும் சேத்து நாலா எழுதிரலாம்.