பைசன் ஸ்டேக் சமைத்தவர்கள், உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

டென்வர்வாசி:

கொலராடோவுக்குக் குடிவந்து ஆறு வருஷம் ஆகிறது. இங்கே பெரிய மளிகைக் கடைகளில் மாட்டுக்கறிக்குப் பக்கத்திலேயே பைசன் இறைச்சியும் அடுக்கியிருக்கும். நல்ல கருஞ்சிவப்பு நிறம். ஒவ்வொரு முறையும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவேன். போன மார்கழியில் ஒரு நாள் துணிந்து இரண்டு ரிப் ஐ (விலாப் பக்கத்துக் கறி) துண்டுகள் வாங்கினேன். மாட்டு ரிப் ஐயைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விலை.

அன்று நான் செய்தது இதுதான். வார்ப்பிரும்புச் சட்டியைப் புகை வரும்வரை காயவைத்து, மாட்டு ஸ்டேக்குக்கு வழக்கமாக வைக்கும் அதே கணக்கில் ஒரு பக்கம் ஐந்து நிமிஷம், மறுபக்கம் ஐந்து நிமிஷம் போட்டேன். வெட்டிப் பார்த்தால் உள்ளே சாம்பல் நிறம், ஒரு சொட்டுச் சாறு இல்லை. மென்று முடிக்க முடியவில்லை. மனசு கஷ்டமாகிவிட்டது. காசு போனதுகூடப் பரவாயில்லை, அவ்வளவு நல்ல இறைச்சியைப் பாழாக்கிவிட்டோமே என்பதுதான் உறுத்தியது.

அப்புறம் சனிக்கிழமைச் சந்தையில் பைசன் விற்கும் பண்ணைக்காரரிடம் கேட்டேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "தெர்மாமீட்டர் வைத்திருக்கிறாயா?" என்பது. மாட்டின் ரிப் ஐயில் வெள்ளை வரிகளாகக் கொழுப்பு ஓடும். சூடு ஏறும்போது அது உருகி இறைச்சியை நனைத்துக்கொண்டே இருப்பதால், இரண்டு நிமிஷம் கூடிப்போனாலும் மன்னித்துவிடும். பைசன் தசைக்குள் அந்த வரிகள் மிகக் குறைவு. சீக்கிரம் வெந்துவிடும், வெந்த கையோடு காய்ந்தும் போகும். நிறமும் ஏமாற்றும். பச்சையாக இருக்கும்போதே அது மாட்டைவிடக் கருஞ்சிவப்பு என்பதால், பக்குவத்துக்கு வந்த பிறகும் வேகாத மாதிரியே தெரியும். 'இன்னும் கொஞ்சம்' என்று விட்டுவைப்பது அதனால்தான். கண்ணை நம்பாதே, அளவைப் பார் என்றார்.

இப்போது நான் செய்வது: ஒரு அங்குலக் கனமுள்ள துண்டை அரைமணி நேரம் முன்பே குளிர்பெட்டியிலிருந்து எடுத்து வைப்பேன். ஈரத்தைத் துணியால் நன்றாக ஒற்றி எடுக்க வேண்டும், இதைத் தவறவிட்டால் மேலே பொன்னிறம் வராது. உப்பு. சட்டி நன்றாகக் காய வேண்டும், ஆனால் புகையக் கூடாது. சட்டியில் எண்ணெய் ஊற்றாமல் இறைச்சியின் மேலேயே தடவிவிடுவேன். ஒரு பக்கம் மூன்று நிமிஷம், திருப்பி இரண்டரை நிமிஷம். கடைசி முப்பது நொடிக்கு ஒரு துண்டு வெண்ணெய், நசுக்கிய பூண்டு இரண்டு பல். உருகிய வெண்ணெயைக் கரண்டியால் மேலே ஊற்றிக்கொண்டே இருப்பேன். உள்ளே 130 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டியதும் எடுத்துவிடுவேன். தட்டில் ஏழெட்டு நிமிஷம் ஆற விட்டால் தானாக இன்னும் ஐந்து டிகிரி ஏறும். ஒன்றிரண்டாக இடித்த மிளகை இந்த நேரத்தில்தான் தூவுகிறேன். முன்பே போட்டால் கருகிக் கசக்கிறது.

ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க வேளாண் துறை முழுத் துண்டுக்குச் சொல்லும் அளவு 145 டிகிரி, அதாவது 63 செல்சியஸ், அதற்குப் பிறகு மூன்று நிமிஷம் ஆறவிட வேண்டும். நான் எனக்காகத்தான் குறைத்துக்கொள்கிறேன். வீட்டுக்கு வரும் பெரியவர்களுக்கும், கர்ப்பமாக இருந்தபோது என் தங்கைக்கும் 145தான். அந்த அளவிலும் நன்றாகவே இருக்கும், ஆனால் ஒரு டிகிரிகூடத் தாண்ட விடாதீர்கள்.

ருசி? மாட்டுக்கறியைவிடக் கொஞ்சம் இனிப்பு. காட்டு வாடை இருக்கும் என்று பயந்தேன், துளியும் இல்லை. நீங்கள் எப்படிச் செய்தீர்கள்?

கூடலூர்க்காரன்:

அண்ணா, படித்ததும் திக்கென்றது. எங்கள் ஊரில் பைசன் என்றால் தேயிலைத் தோட்டத்தில் மேயும் காட்டுமாடு. அதைத் தொட்டாலே வனத்துறை வழக்குப் போடுமே!

டென்வர்வாசி:

தம்பி, நல்ல நேரத்தில் கேட்டீர்கள். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் வால்பாறையிலும் நாம் பைசன் என்று சொல்வது கவுர் என்ற வேறு விலங்கு. வெள்ளைக்காரர்கள் 'இந்தியன் பைசன்' என்று பெயர் வைத்துவிட்டுப் போனார்கள், அது அப்படியே ஒட்டிக்கொண்டது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. வேட்டையாடுவது பெருங்குற்றம். நான் சொல்வது வட அமெரிக்கப் புல்வெளியின் பைசன். தலையிலும் தோளிலும் சடைமுடி, பெரிய திமில், பின்பக்கம் சிறுத்திருக்கும். இரண்டும் ஒரே பெருங்குடும்பம், தூரத்துச் சொந்தம், அவ்வளவுதான். இங்கே கடைக்கு வருவது தனியார் பண்ணைகளில் வளர்ப்பது. இங்குள்ளவர்கள் இதை 'பஃபலோ' என்றும் சொல்வார்கள், ஆனால் நம் எருமையும் இல்லை.

டல்லஸ் அம்மா:

நான் ருசிக்காகத் தேடிப் போகவில்லை, மகளுக்காக வாங்க ஆரம்பித்தேன். அவளுக்கு இரும்புச்சத்து ரொம்பக் குறைவு. மாத்திரை வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. உணவியல் நிபுணர்தான், கொழுப்பில்லாத சிவப்பு இறைச்சி வாரம் இரண்டு தடவை கொடுத்துப் பாருங்கள், பைசன் கிடைத்தால் நல்லது என்றார்.

அவர் காட்டிய அட்டவணையை எழுதி வைத்திருக்கிறேன். கொழுப்பை நீக்கி வாட்டிய பைசன் இறைச்சி 100 கிராமில் சுமார் 143 கலோரி, புரதம் 28 கிராம், கொழுப்பு 2.4 கிராம்தான். இரும்பு 3.4 மில்லிகிராம், துத்தநாகம் 3.7 மில்லிகிராம், பி12 ஏறக்குறைய 2.9 மைக்ரோகிராம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குத் தேவையான பி12 2.4 மைக்ரோகிராம் என்பதால், ஒரு சின்னத் துண்டிலேயே அது முடிந்துவிடுகிறது. இரும்பு அப்படியில்லை. 14 முதல் 18 வயதுவரை பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 15 மில்லிகிராம், 19 முதல் 50 வயதுவரை 18 மில்லிகிராம் வேண்டும். ஆகவே கீரையும் பருப்பும் நிற்கவில்லை. ஆனால் இறைச்சியில் இருக்கும் இரும்பை உடம்பு கீரையில் இருப்பதைவிடச் சுலபமாக எடுத்துக்கொள்கிறது.

இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். இந்த 2.4 கிராம் கொழுப்பு என்ற கணக்கு ரிப் ஐக்குப் பொருந்தாது, அரைத்த கறிக்கும் பொருந்தாது. அவற்றில் கூடுதல். பாக்கெட்டைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். நாங்கள் இடுப்புப் பக்கத்துக் கறியான சர்லாயின்தான் வாங்குகிறோம். இன்னொன்று, கொழுப்புக் குறைவு என்பதால் கொலஸ்ட்ரால் இல்லை என்று சிலர் நினைக்கிறார்கள். அதே 100 கிராமில் 82 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் இருக்கிறது. பைசனும் சிவப்பு இறைச்சிதான். 2015இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை சிவப்பு இறைச்சியை 'அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை' என்ற வரிசையில் வைத்தபோது பைசனுக்கு விலக்கு எதுவும் கொடுக்கவில்லை. எங்கள் வீட்டில் வாரம் இரண்டு தடவைக்கு மேல் கிடையாது.

எனக்குப் பிடித்த இன்னொரு காரணம்: வளர்ச்சிக்கான ஹார்மோன் ஊசியைப் பைசனுக்குப் போட அமெரிக்காவில் அனுமதி இல்லை. வளர்கிற பெண்ணுக்குக் கொடுக்கிறோம் என்பதால் அது எனக்குப் பெரிய நிம்மதி.

கல்கரி அக்கா:

எல்லோரும் ஸ்டேக்கையே பேசுகிறீர்கள், நான் குழம்பு கட்சி. கனடாவில் எங்கள் ஆல்பர்ட்டா மாகாணத்தில் பைசன் பண்ணைகளுக்குப் பஞ்சமில்லை. ரிப் ஐ எங்களுக்குக் கட்டுப்படியாகாது, அதனால் தோள்பட்டைக் கறியும் ஷார்ட் ரிப் என்ற விலா எலும்புக் கறியும் வாங்குவோம். ஸ்டேக்குக்கு நேர் எதிரான வேலை இது. அங்கே ஐந்தாறு நிமிஷம், இங்கே மூன்று மணி நேரம். தோள்பட்டையில் சவ்வும் நாரும் அதிகம். அது கரைந்து கூழாகும்வரை பொறுத்திருந்தால் கறி தானாக இழை இழையாகப் பிரியும். அவசரப்பட்டு ஒரு மணி நேரத்தில் இறக்கினால் ரப்பர்தான்.

சின்ன வெங்காயம் கிடைக்காத நாளில் ஷாலட் என்ற இங்கத்து வெங்காய வகை. கறியை முதலில் நல்லெண்ணெயில் தனியாகச் சிவக்க வதக்கி எடுத்துவிட வேண்டும். அதே சட்டியில் வெங்காயம், இஞ்சி பூண்டு, தக்காளி ஒன்றே ஒன்று, வறுத்து அரைத்த மல்லி, மிளகு, சோம்பு. மிளகாயைக் குறைத்துக்கொள்ளுங்கள். காரம் தூக்கலாகப் போனால் அந்த மெல்லிய இனிப்பு காணாமல் போகும். கறி மூழ்கும்வரை வெந்நீர் ஊற்றி, மூடி, மிகச் சின்னத் தீ. தளதளவென்று கொதிக்கவே கூடாது. மேலே கொழுப்பு மிதக்காது, குழம்பு தண்ணீராகத் தெரியும், பயப்படாதீர்கள். கடைசியில் ஒரு கரண்டி தேங்காய்ப்பால் ஊற்றினால் குழம்பு கெட்டிப்பட்டுவிடும்.

இங்கே தெற்கு ஆல்பர்ட்டாவில், ஃபோர்ட் மெக்லியட் ஊருக்குப் பக்கத்தில், ஹெட் ஸ்மாஷ்ட் இன் பஃபலோ ஜம்ப் என்று ஒரு செங்குத்துப் பாறை இருக்கிறது. 1981இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த இடம். ஏறக்குறைய 6,000 ஆண்டுகளாக அங்கே வாழ்ந்த மக்கள், பிளாக்ஃபுட் பழங்குடி மக்களும் அவர்கள் முன்னோரும், பைசன் மந்தைகளை அந்த விளிம்புக்கு ஓட்டிவந்து வேட்டையாடியிருக்கிறார்கள். பிள்ளைகளோடு போயிருந்தோம். உள்ளே இருக்கும் காட்சியகத்தில் பெமிகன் செய்யும் முறையைப் பார்த்தேன். இறைச்சியை மெல்லிய தாளாகச் சீவி வெயிலிலும் காற்றிலும் காயவைத்து, இடித்துப் பொடியாக்கி, உருக்கிய கொழுப்பும் சஸ்கட்டூன் என்ற சிறு காட்டுப் பழமும் சேர்த்துப் பிசைந்து தோல்பையில் அடைத்து வைப்பார்கள். குளிர்காலம் முழுக்க அதுதான் சோறு. எனக்கு என் ஆச்சி மொட்டை மாடியில் கொடி கட்டித் தொங்கவிட்ட உப்புக்கண்டம் ஞாபகம் வந்து கண் கலங்கிவிட்டது. கொழுப்பில்லாத கறியை எப்படிச் சாப்பிடுவது என்று நாம் இங்கே கேட்டுக்கொண்டிருக்கிறோம். கொழுப்பைத் தனியாக உருக்கிச் சேர்த்துக்கொள் என்று அவர்கள் என்றைக்கோ செய்து வைத்துவிட்டார்கள். டென்வர் தம்பி ஊற்றும் வெண்ணெயும் அதே வேலைதான்.

டல்லஸ் அம்மா:

அக்கா, இந்த ஞாயிற்றுக்கிழமையே குழம்பு வைக்கிறேன்.

மினசோட்டா மாணவன்:

அரைத்த கறி வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நண்பர்கள் அறையில் பர்கர் போட்டோம். ஸ்டேக் மாதிரி உள்ளே இளஞ்சிவப்பாக விட்டால் சாறு இருக்கும் என்று அப்படியே சாப்பிட்டுவிட்டு, இரண்டு பேர் மூன்று நாள் படுத்துவிட்டோம். முழுத் துண்டில் கிருமி மேற்பரப்பில்தான் இருக்கும், சட்டியின் சூட்டில் செத்துவிடும். அரைக்கும்போது மேலே இருந்தது உள்ளே போய்க் கலந்துவிடுகிறது. அரைத்த கறிக்கு 160 டிகிரி, 71 செல்சியஸ் கட்டாயம். 2019இல் அமெரிக்காவில் அரைத்த பைசன் கறியால் ஈ.கோலி என்ற கிருமியின் தொற்று பரவி, சரக்கைத் திரும்பப் பெற்றார்கள் என்பதே எனக்கு அதற்குப் பிறகுதான் தெரியும். காய்ந்துபோகும் என்று பயமாக இருந்தால், பொடியாக நறுக்கிய வெங்காயத்தை வதக்கிக் கறியோடு பிசைந்துவிடுங்கள். ஈரம் நிற்கும்.

ரேபிட்சிட்டி பயணி:

நான் சமையல்காரன் இல்லை, லாரி ஓட்டுகிறேன். சவுத் டகோட்டா வழியாக மாதம் இரண்டு தடவை போவேன். கஸ்டர் மாநிலப் பூங்காவில் ஒருமுறை மந்தை சாலையைக் கடந்தது. இருபது நிமிஷம் எஞ்சினை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு காளை கண்ணாடிக்குப் பக்கத்தில் மூச்சுவிட்டது. 900 கிலோ வரை வளரும், மணிக்கு 55 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். பார்த்தால் நம்ப மாட்டீர்கள், அவ்வளவு சாது மாதிரி நிற்கும். யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் 25 கஜத்துக்குள் நெருங்கக் கூடாது என்பது விதி. படம் எடுக்கப் போய் முட்டு வாங்குகிறவர்கள் ஒவ்வொரு வருஷமும் இருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு ரொம்ப நாள் என்னால் சாப்பிட முடியவில்லை. ஒரு காலத்தில் கோடிக்கணக்கில் இருந்தவை. தோலுக்காகவும், பழங்குடி மக்களைப் பட்டினி போட்டு அடக்கவும் சுட்டுத் தள்ளினார்கள். 1902இல் யெல்லோஸ்டோனில் எஞ்சியவை இரண்டு டஜன் அளவுதான். ரேபிட்சிட்டி சந்தையில் கஞ்சி மாதிரி ஒரு சூப் விற்ற லகோட்டா பழங்குடி மூதாட்டியிடம் இதைச் சொன்னேன். அவர் மொழியில் காளைக்கு 'தத்தங்கா' என்று பெயர். எங்கள் பிள்ளைகள் மறுபடி இதைச் சாப்பிட வேண்டும் என்றுதான் நாங்கள் மந்தை வளர்க்கிறோம், நீ சாப்பிடு, ஆனால் வீணாக்காதே என்றார். இன்றைக்குப் பழங்குடி மந்தைகளும் தனியார் பண்ணைகளும் பெருகியிருக்கின்றன. 2016இல் அமெரிக்காவின் தேசியப் பாலூட்டியாகவும் அறிவித்தார்கள். அதே விலங்கை உண்பதும் காப்பதும் சேர்ந்தே நடக்கிறது என்பது எனக்குப் புரியக் கொஞ்ச காலம் ஆனது. இப்போது சாப்பிடுகிறேன், தட்டில் மிச்சம் வைப்பதில்லை.

டென்வர்வாசி:

அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நேற்று வெட்டி ஒதுக்கிய ஓரத்தையெல்லாம் சேர்த்து வைத்திருக்கிறேன். விலை ஏன் இவ்வளவு என்று யோசிப்பவர்களுக்கும் சொல்கிறேன்: இந்த நாட்டில் ஒரே நாளில் கறிக்குப் போகும் மாடுகளின் எண்ணிக்கை, ஒரு வருஷம் முழுக்கக் கறிக்குப் போகும் பைசனைவிட அதிகம்.

நேற்று சர்லாயின் செய்தேன். எனக்கான துண்டை 129இல் எடுத்தேன், ஆறியபின் 134. அப்பாவுக்கு 145தான். நாரின் ஓட்டத்துக்குக் குறுக்கே மெல்லியதாக அரிந்தேன். இதை முதல் பதிவில் எழுத மறந்துவிட்டேன், இது ரொம்ப முக்கியம். நீளவாக்கில் அரிந்தால் நல்ல பக்குவத்தில் வெந்ததுகூட நார் நாராக இழுக்கும். சாதம், மிளகு ரசம், பக்கத்தில் இந்தத் துண்டுகள். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா முதலில் தயங்கினார், அப்புறம் இரண்டாவது முறை கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஓரத்துக் கறியை இன்று குழம்பாக வைக்கப் போகிறேன். கல்கரி அக்கா, உப்பை முதலிலேயே போடுவீர்களா, கறி வெந்த பிறகா?

கல்கரி அக்கா:

பாதி வதக்கும்போது, மீதி இறக்குவதற்குக் கால்மணி நேரம் முன்னால். மூன்று மணி நேரத்தில் தண்ணீர் சுண்டும், முதலிலேயே முழு உப்பும் போட்டால் கரித்துவிடும். அப்பாவுக்கு என் வணக்கம் சொல்லுங்கள், தம்பி.