நளகிரி வட்டச் சிற்பத்துல யானை ஒண்ணா ரெண்டா?

கல்தச்சன்:
நேத்து வைகைக்கரை77 எழுதினதைப் படிச்சதுலேர்ந்து மனசே ஆறல. எழும்பூர் மியூசியத்துல இருக்கற, ஆந்திராவோட அமராவதி பௌத்த ஸ்தூபியிலேர்ந்து வந்த வட்டச் சிற்பத்துல "ரெண்டு யானை, ஒண்ணு முரடு, ஒண்ணு சாது"ன்னு போட்டிருக்கார். அது ஒரே யானைங்க! புத்தரைக் கொல்லப் பாத்த அவர் சொந்தக்காரன் தேவதத்தன் பேச்சைக் கேட்டு கள்ளைக் குடிக்கவச்சு ராஜகிருகத் தெருவுல அவுத்துவிட்ட நளகிரி. இடப்பக்கம் தும்பிக்கையில ஆளைப் புடிச்சிருக்கு, வலப்பக்கம் புத்தர் காலடியில மண்டி போடுது, முன்னாடி நடந்ததும் பின்னாடி நடந்ததும் ஒரே வட்டத்துக்குள்ள.

வைகைக்கரை77:
எண்ணத் தெரியும்ல? தலை ரெண்டு, தும்பிக்கை ரெண்டு. கல்லுல இருக்கறதை நான் சொல்றேன், நீங்க கதையைச் சொல்றீங்க.

கல்தச்சன்:
கதைக்காகத்தானய்யா செதுக்கினான்! பர்ஹுத் ஸ்தூபியில இருந்த வட்டம், புத்தர் முற்பிறவியில ருருங்கற மானா பொறந்த கதை, கொல்கத்தா மியூசியத்துல இருக்கு, ஆத்துல ஆளைக் காப்பாத்தற மானும் ராஜாகிட்ட பேசற மானும் ஒரே மான். சாஞ்சி கிழக்குத் தோரணத்துல சித்தார்த்தர் வீட்டை விட்டுப் போற காட்சி, அப்ப அவரை உருவமா காட்ட மாட்டாங்க, அதனால முதுகுல ஆளே இல்ல, மேல குடை மட்டும், அதே குதிரை திரும்பத் திரும்ப வருது. லாயத்தையே ஓட்டிட்டுப் போனாரா?

வைகைக்கரை77:
பர்ஹுத்துல பிராமிங்கற பழைய எழுத்துல பேர் வெட்டியிருக்கு. நம்ம வட்டத்துல "ஒரே யானை"ன்னு எங்க எழுதியிருக்கு, காட்டுங்க.

தேன்மொழி_க:
யானையை விடுங்க, அந்த மார்பிள்ல மாடியிலேர்ந்து எட்டிப் பாக்கற முகங்களைப் பாத்தீங்களா? பயத்துல பக்கத்து ஆளைக் கட்டிக்கற பொண்ணு ஒருத்தி இருக்கா, எனக்கு அவளை விட்டு நகரவே முடியல.

எழும்பூர்வாசி:
மார்பிள் இல்லம்மா, பல்நாட்டுச் சுண்ணாம்புக்கல். 1845ல வால்டர் எலியட்ங்கற வெள்ளைக்கார அதிகாரி அமராவதியில தோண்டி மெட்ராஸுக்கு அனுப்பினார், "எலியட் மார்பிள்ஸ்"னு பேர் ஒட்டிக்கிச்சு.

தேன்மொழி_க:
பேரைத் திருத்தறீங்க, சரி. அதுல நிறைய 1859ல லண்டன் போச்சே, அதுக்கு எவனாவது வாயைத் திறக்கறீங்களா?

வைகைக்கரை77:
திறக்க மாட்டாங்க. போன வருஷம் மாமல்லபுரம் பெரிய பாறைச் சிற்பத்துல தவம் பண்றது அர்ஜுனன்னு நான் சொன்னதுக்கு இதே கல்தச்சன் என்னை "பள்ளிக்கூடப் பையன்"னு எழுதினார். மறக்கல.

கல்தச்சன்:
அது பகீரதன்தான், இப்பவும் சொல்றேன். ஆனா பேச்சை மாத்தாதீங்க. வட்டத்துக்கு முன்னாடி நின்னு இடப்பக்கத்துலேர்ந்து கண்ணை ஓட்டுங்க, வெறி வந்து, தணிஞ்சு, மண்டி போடற வரைக்கும் அந்த உடம்பு ஒண்ணுதான். அது பிடிபடலேன்னா சிற்பமே பிடிபடல.

வைகைக்கரை77:
ஞாயித்துக்கிழமை எழும்பூர் போறேன், போட்டோ போடறேன். ரெண்டு யானை.