கேஷ் கவுண்டருக்குத் திரும்பிய கதை

கிட்னி மாற்றி ஆறு மாதம் கழித்துத்தான் பேங்க் வேலைக்குத் திரும்பினேன். கொடுத்தது அம்மா. மூன்றாவது மாதமே போய்விடலாம் என்று இருந்தேன், ஆனால் முதல் ஆறு மாதம் எதிர்ப்புச் சக்தியை மருந்து ரொம்பவே அடக்கி வைத்திருக்கும், நாளெல்லாம் ஊர்ப்பணத்தைத் தொடுகிற வேலை உங்களுக்கு, பொறுங்கள் என்றார் டாக்டர்.

முதல் நாள் எல்லோரும் "நல்லா பூசினாப்ல ஆயிட்டீங்க சார்" என்றார்கள். அது ஸ்டீராய்டு உப்பவைத்த கன்னம். அன்பாகச் சொல்கிறவர்களிடம் அதை விளக்கத் தோன்றவில்லை.

என்னைப் படுத்தியது கை நடுக்கம்தான். உடம்பு புதுக் கிட்னியைத் தாக்காமல் இருக்கத் தரும் டாக்ரோலிமஸ் மாத்திரை சாப்பிடும் நிறையப் பேருக்கு இது வரும். கட்டுக்கட்டாக எண்ண மெஷின் இருக்கிறது, ஆனால் முதியோர் பணம் 1,200 ரூபாய் எடுக்க வரும் பாட்டிக்கு 12 நோட்டை விரலால்தானே எண்ணித் தர வேண்டும்? ஏழாவது நோட்டில் இரண்டு ஒட்டிக்கொண்டது, பிரிக்க முடியவில்லை, மறுபடி முதலில் இருந்து எண்ணினேன், பின்னால் வரிசை வேறு முணுமுணுக்கிறது. அந்தப் பாட்டி கண்ணாடிக்குக் கீழே கையை விட்டு என் விரலைப் பிடித்து, "மெதுவா எண்ணு கண்ணு, எனக்கென்ன பஸ்ஸா போயிருது" என்றார். தொண்டை அடைத்துவிட்டது. டோஸைக் குறைத்த பிறகு நடுக்கமும் குறைந்தது.

காலை 9, இரவு 9 மாத்திரை நேரம். மாதக் கடைசியில் கணக்கு முடிக்க உட்கார்ந்தால் ஒன்பது தாண்டிவிடும். "ஒரு மாத்திரைதானே, வீட்டுக்குப் போய் போட்டுக்கலாமே" என்று மேலே இருப்பவர் ஒருவர் சொன்னபோது எனக்குக் கோபமே வந்தது. தள்ளித் தள்ளிப் போட்டால் ரத்தத்தில் மருந்தின் அளவு இறங்கும், உடம்பு கிட்னியை வேற்றுப் பொருளாகப் பார்த்துத் தாக்க ஆரம்பிக்கலாம். ரத்தத்தில் அந்த மருந்தின் லெவல் பார்க்கும் நாளில் ரத்தம் கொடுத்த பிறகுதான் காலை மாத்திரை, அதனால் அன்றைக்குத் தாமதமாக வருவேன் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுகிறேன். பக்கத்துக் கவுண்டர் அக்காவிடம் மட்டும் எல்லாவற்றையும் சொல்லி வைத்திருக்கிறேன், இரவு ஒன்பதுக்கு அவர்தான் குரல் கொடுப்பார்.

அப்புறம் தண்ணீர். டயாலிசிஸில் இருந்த இரண்டு வருடமும் ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்தான், வாய் வறண்டால் ஐஸ் துண்டு. இப்போது மூன்று லிட்டர் குடிக்கச் சொல்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் பணப்பெட்டியைப் பூட்டி, கேபினைப் பூட்டி பாத்ரூம் போய் வர வேண்டும், அந்த நடை எனக்குச் சலிக்கவே இல்லை. மதியம் அம்மா போன் பண்ணும், "சாப்பிட்டியா" என்றுகூடக் கேட்காது, "எத்தனை பாட்டில் ஆச்சு" என்றுதான் கேட்கும்.