தர்மபுரி: மாலை ரெமிடியல் வகுப்புக்கு யாரும் வருவதில்லை, வேறு என்ன செய்யலாம்?

கேட்டவர்: கணக்கு_மேடம்

வணக்கம். தர்மபுரி பக்கம் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் கணிதம் எடுக்கிறேன். பெரியார் பல்கலைக்கழக இணைப்பு, பெயர் வேண்டாமே. மாணவர்களின் படிப்பு மேம்பட, எல்லாத் துறைக்கும் பொதுவாக ஒரு திட்டம் எழுதித் தரச் சொல்லி ஒரு குழு போட்டு அதில் என்னையும் சேர்த்திருக்கிறார்கள். காகிதத்தில் எங்களிடம் குறை ஒன்றுமில்லை. முதலாண்டுக்கு பள்ளிப் பாடத்தையும் கல்லூரிப் பாடத்தையும் இணைக்கும் பிரிட்ஜ் கோர்ஸ் இருக்கிறது, மாணவர்களைக் கவனித்துக்கொள்ளும் ஆசிரியர் எழுதும் மென்டார் நோட்டு இருக்கிறது, ‘ஸ்லோ லேர்னர்’ பட்டியல் இருக்கிறது, அந்தப் பட்டியலில் இருப்பவர்களுக்கு நான்கு மணிக்கு மேல் ரெமிடியல் வகுப்பும் இருக்கிறது. வகுப்புக்குத்தான் ஆள் இல்லை. வருகிற நாலைந்து பேரும் ஜன்னல் வழியாக பஸ்ஸைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்கள்.

எனக்கு ரொம்ப உறுத்துவது அலைடு கணிதம், அதாவது மற்றத் துறைப் பிள்ளைகள் மேஜரோடு துணைப் பாடமாகப் படிக்கும் கணிதம். இயற்பியல், வேதியியல், கணினி அறிவியல் என்று எந்தத் துறைப் பிள்ளையைக் கேட்டாலும் அரியர் அதில்தான் நிற்கிறது. மேஜர் பேப்பரை எப்படியாவது தேற்றிவிடுகிறவர்கள் இதில் விழுகிறார்கள். பெரும்பாலும் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்துவிட்டு வந்தவர்கள். அங்கே அணி, வகைக்கெழு என்று போட்ட அதே கணக்கு இங்கே மேட்ரிக்ஸ், டெரிவேட்டிவ் என்று வந்து நின்றால் கணக்குத் தெரிந்தவனே கேள்வி புரியாமல் முழிக்கிறான்.

எங்காவது உண்மையில் பலன் தந்த முறை தெரிந்தால் சொல்லுங்கள். பணம் பெரிதாகக் கிடையாது. ‘கவுன்சலிங் செல் அமையுங்கள்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், எங்கள் கல்லூரியில் ஒரு கதவில் அது ஏற்கெனவே எழுதியிருக்கிறது.

---

ஏரியூர்_பையன்:

மேடம், நான் வேறு கல்லூரியில் அந்த மாதிரிப் பட்டியலில் இருந்தவன். நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். என் பெயர் இருப்பதை என்னைவிட முன்னாடி என் வகுப்புப் பெண்கள் பார்த்துவிட்டார்கள், அதுக்கப்புறம் நான் எப்படி அந்த வகுப்புக்குப் போவேன் சொல்லுங்கள்.

அடுத்தது பஸ். தர்மபுரியில் நாலு மணி வண்டியை விட்டால் பென்னாகரம் போய் அங்கே இன்னொரு வண்டிக்குக் காத்திருந்து வீடு சேர இருட்டிவிடும். அரூர் தாண்டி சித்தேரி மலையிலிருந்து வருகிறவர்கள் நிலைமை இன்னும் மோசம். பாதிப் பேருக்கு சாயந்திரமோ சனி ஞாயிறோ வேலையும் இருக்கிறது, கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறுவது, செல்போன் கடை, சீசனில் கிருஷ்ணகிரி பக்கம் மாங்கூழ் ஃபேக்டரி. படிப்பில் அக்கறை இல்லாமல் ஓடுகிறார்கள் என்று நினைக்காதீர்கள்.

எனக்கு அந்தப் பேப்பர் பாஸ் ஆனது யாரால் என்றால், அதே பஸ்ஸில் வந்த எம்.எஸ்சி. அண்ணனால். இன்டெக்ரேஷனை எந்தக் கேள்வியில் எப்படிப் பிரிப்பது என்று அவர்தான் தமிழில் சொன்னார். ‘இதுகூடத் தெரியாதா’ என்று ஒரு தடவையும் கேட்கவில்லை.

---

ஊத்தங்கரை_டு_டெக்சாஸ்:

மேடம், மேலே தம்பி சொன்ன பஸ் அண்ணனைத்தான் இங்கே பல்கலைக்கழகங்களில் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறார்கள். நான் படித்துக்கொண்டே அந்த வேலையும் பார்த்திருக்கிறேன். சப்ளிமென்டல் இன்ஸ்ட்ரக்‌ஷன் என்பார்கள். 1973இல் மிசௌரி பல்கலைக்கழகத்தின் கன்சாஸ் சிட்டி வளாகத்தில் டியானா மார்ட்டின் என்பவர் மருத்துவம், பல் மருத்துவம், மருந்தியல் மாணவர்களுக்காகத் தொடங்கியது, இன்று பல நாடுகளில் நடக்கிறது.

அதில் உங்களுக்கு வேண்டிய விஷயம் ஒன்றே ஒன்று. அவர்கள் பலவீனமான மாணவனைத் தேடுவதில்லை, பலவீனமாக்கும் பேப்பரைத் தேடுகிறார்கள். எந்தப் பாடத்தில் வழக்கமாக முப்பது சதவீதத்துக்கு மேல் ஆட்கள் தோற்கிறார்களோ அல்லது பாதியில் விடுகிறார்களோ அந்தப் பாடத்தோடு வாராவாரம் ஒரு கூடுதல் அமர்வு. வகுப்பு முழுவதற்கும் திறந்தது. நூற்றுக்குத் தொண்ணூறு வாங்குகிறவனும் வருவான், பத்து வாங்குகிறவனும் வருவான். பட்டியல் கிடையாது, அதனால் கூச்சமும் கிடையாது. நடத்துவது அதே பேப்பரில் நல்ல மார்க் எடுத்த சீனியர். அவர் அந்த வகுப்பில் மறுபடி வந்து உட்கார்ந்து கவனிக்க வேண்டும், இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். வாத்தியார் இந்த வாரம் எங்கே வேகமாகப் போனார் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரியும்.

அவர் பாடம் நடத்தக் கூடாது, விடையும் போட்டுக் காட்டக் கூடாது. ‘நீ போடு, எங்கே நிற்கிறாய் பார்ப்போம்’ என்று கேட்டு வாங்க வேண்டும். எனக்கு முதலில் கஷ்டமாக இருந்தது அதுதான், நம்மூர் ஆளுக்குச் சாக்பீஸைக் கையில் கொடுத்தால் போர்டு நிறைய எழுதிவிடத்தான் தோன்றும்.

---

ஓய்வு_முதல்வர்_கிருஷ்ணகிரி:

டெக்சாஸ் தம்பி சொல்வது நல்ல முறைதான். ஆனால் பட்டியல் ஏன் வந்தது என்று அம்மாவுக்கே தெரியும். மெதுவாகக் கற்பவர், வேகமாகக் கற்பவர் இருவரையும் எப்படி அடையாளம் கண்டு என்ன செய்தீர்கள், ஒரு மென்டாருக்கு எத்தனை மாணவர் என்றெல்லாம் கல்லூரிகளுக்குத் தர மதிப்பீடு செய்யும் நாக் (NAAC) கேட்டு வந்தது. அதற்குப் பதில் எழுத ஒரு கோப்பு தேவைப்பட்டது. கோப்பு தயாரானதும் வேலை முடிந்துவிட்டதாக எல்லோரும் நினைத்துக்கொள்கிறோம். கோப்பு இருக்கட்டும், அதை போர்டில் ஒட்டச் சொல்லி நாக் கேட்கவில்லையே.

முதலில் கடந்த மூன்று வருட ரிசல்ட் தாளை எடுத்து, துறைவாரியாகப் பார்க்காமல் பேப்பர்வாரியாகப் பாருங்கள். அலைடு கணிதம் மட்டும்தானா, இல்லை முதலாண்டு ஆங்கிலமும் சேர்ந்து இழுக்கிறதா என்று தெரிந்துவிடும். பல்கலைக்கழகத் தேர்வான எக்ஸ்டர்னல் 75 மார்க்கில் விழுகிறார்களா, கல்லூரியே போடும் இன்டர்னல் 25 மார்க்கிலேயே தள்ளாடுகிறார்களா என்பதையும் பிரித்துப் பாருங்கள். இன்டர்னலை நிறையப் போட்டுவிட்டு எக்ஸ்டர்னலில் விழுகிறார்கள் என்றால் கோளாறு பிள்ளைகளிடம் இல்லை, நம் டெஸ்ட் தாளில் இருக்கிறது.

அடுத்தது நேரம். கால அட்டவணைக்கு வெளியே வைக்கும் எதுவும் இந்த இரண்டு மாவட்டத்திலும் ஓடாது, எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நூலக நேரம் என்று ஒரு பீரியட் சும்மா கிடக்கும், அதை எடுங்கள். பணம்? இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய்தான் கொடுத்தார்கள், கிராமம் கிராமமாக நடந்தது. மூன்று நான்கு சீனியர்களுக்கு அந்த அளவு கொடுக்க முன்னாள் மாணவர் சங்கத்தையே கேட்கலாம்.

ஒரு பயமும் இருக்கிறது. ஆள் பற்றாக்குறையில் கௌரவ விரிவுரையாளர் வராத நாளில் ‘அந்த சீனியரை வகுப்புக்கு அனுப்புங்கள்’ என்று யாராவது ஆரம்பிப்பார்கள். அதைத் திட்டத்திலேயே கூடாது என்று எழுதிவிடுங்கள்.

---

தேன்கனிக்கோட்டை_அக்கா:

சார் சொன்னதோடு ஒன்று. எங்கள் பக்கம் வீட்டில் தெலுங்கு, கன்னடம் பேசும் பிள்ளைகள் நிறைய. அவர்களுக்குத் தமிழே பள்ளிக்கூட மொழி, ஆங்கிலம் அதற்கும் மேலே ஒரு படி. சீனியரைத் தேர்ந்தெடுக்கும்போது மார்க்கை மட்டும் பார்க்காமல் வாய் திறந்து பேசுகிறவரா என்று பாருங்கள். ஒரு பெண்ணாவது கட்டாயம் இருக்கட்டும், முதலாண்டுப் பெண்கள் சீனியர் பையனிடம் போய் சந்தேகம் கேட்க மாட்டார்கள்.

வராமல் போகிறவர்களை வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போன பிறகுதான் தேடுகிறோம், அப்போது வருகைக் குறைவை மன்னிக்கக் கேட்டுக் கட்டும் கண்டொனேஷன் கட்டணத்தைத் தவிர ஒன்றும் செய்ய முடியாது. தொடர்ந்து ஒரு வாரம் வரவில்லை என்றால் மென்டார் ஒரு போன் போட்டால் போதும். காரணம் பாதி நேரம் படிப்பே இல்லை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, தேர்வுக் கட்டணம் கட்டவில்லை, மாப்பிள்ளை பார்க்கிறார்கள், இப்படித்தான் இருக்கும். கடைசிக் காரணத்துக்குப் புதுமைப் பெண் 1,000 ரூபாய் நிஜமாகவே உதவுகிறது. படிப்பை நிறுத்தினால் பணம் நின்றுவிடும் என்று வீட்டில் சொல்லிப் பேச முடிகிறது.

---

ஊத்தங்கரை_டு_டெக்சாஸ்:

அக்கா சொன்ன போன் விஷயத்துக்கு இங்கேயும் ஓர் உதாரணம் உண்டு. அட்லான்டாவில் ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகம் 2012இலிருந்து ஒவ்வொரு மாணவரையும் எண்ணூறுக்கும் மேற்பட்ட அறிகுறிகளை வைத்துக் கணினியில் கண்காணிக்கிறது. எல்லோரும் கணினியைத்தான் பாராட்டுகிறார்கள். ஆனால் அறிகுறி வந்தால் கூப்பிட்டுப் பேச ஆலோசகர்களையும் கூடவே நிறையப் பேரைச் சேர்த்தார்கள். கொஞ்சம் கட்டண பாக்கிக்காகப் பெயர் நீக்கப்பட இருந்தவர்களுக்குச் சின்னத் தொகை கொடுத்து நிறுத்தியும் வைத்தார்கள். மென்பொருள் விற்க உங்கள் கல்லூரிக்கு யாராவது வந்தால் இதைக் கேளுங்கள்: சிவப்பு விளக்கு எரிந்ததும் போன் போடப் போவது யார்?

---

கணக்கு_மேடம்:

எல்லோருக்கும் நன்றி. ஏரியூர் தம்பி, போர்டில் ஒட்டுவதை நிறுத்த வேண்டும் என்பதைத் திட்டத்தின் முதல் வரியாகவே எழுதுகிறேன். கல்லூரி முழுவதற்கும் என்று ஆரம்பித்தால் மறுபடி கோப்பாகிவிடும் போலிருக்கிறது, அதனால் இந்த செமஸ்டர் அலைடு கணிதம் மட்டும், நூலக பீரியடில், வாரம் ஒன்று. ரிசல்ட் தாளும் கேட்டிருக்கிறேன்.

ஒரு சிக்கல். எம்.எஸ்சி. பிள்ளைகளுக்கு அதே நேரத்தில் அவர்கள் வகுப்பு இருக்கும், எங்கள் வகுப்பில் வந்து உட்கார முடியாது. மூன்றாம் ஆண்டு இளங்கலை மாணவர்களை எடுக்கலாமா?

---

ஊத்தங்கரை_டு_டெக்சாஸ்:

தாராளமாக எடுக்கலாம், நான் நடத்தியபோது நானே மூன்றாம் ஆண்டுதான். எல்லா வகுப்புக்கும் வர முடியாவிட்டால் வாரம் ஒரு வகுப்புக்காவது வரட்டும், மற்ற நாளுக்கு யாராவது ஒரு பிள்ளையின் நோட்டை வாங்கிப் பார்க்கட்டும். முதல் இன்டர்னல் டெஸ்டுக்கு முன்னாலேயே தொடங்கிவிடுங்கள் மேடம். டெஸ்ட் முடிந்து ஆரம்பித்தால் அது தோற்றவர்களுக்கான வகுப்பு என்று பெயர் வாங்கிவிடும்.