பகலில் இரவுக் காட்சி எடுக்க யோசனை தேவை

நண்பர்களே, பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா த்ரூஃபோவின், ஒரு படப்பிடிப்பைப் பற்றிய 'லா நுய் அமெரிக்கேன்' (1973) படத்தைத் திரையிட்டபின், அதிலுள்ள படப்பிடிப்புத் தந்திரம் ஒன்றைச் செய்துகாட்ட வேண்டும். பால் குடிக்க மறுக்கும் பூனை, நுரையில் செய்த பனி, மெழுகுவத்திக்குள் ஒளித்த பல்பு என்று படம் முழுக்க அமர்க்களம்தான். செய்துகாட்ட நான் எடுத்துக்கொண்டது வெயிலில் இரவுக் காட்சியை எடுக்கும் முறை.

வொயிட் பேலன்ஸ் (கேமராவின் நிறச் சமன் அமைப்பு) வெயிலை நீலமாகக் காட்டும் 3200 கெல்வின், எக்ஸ்போஷர் (கேமரா பதியும் ஒளியளவு) 2 ஸ்டாப் குறைவு, அதாவது கால் பங்கு, சூரியன் நடிகருக்குப் பின்னால். ஃபிரேமில் வானம் வரவே கூடாது. வந்தால் வெளுத்துப்போய்ப் பகலென்று காட்டிக்கொடுத்துவிடும்.

சிக்கல் முகத்தில்தான். பின்னொளியில் முகம் கறுத்துவிடுகிறது; வெள்ளி ரிஃப்ளெக்டர் பிடித்தால் நிலவொளி மாதிரி இல்லை, பட்டப்பகலாகிவிடுகிறது. வெள்ளைத் தெர்மாகோல் போதுமா, எவ்வளவு தூரத்தில்?

கேமராவிலேயே இருட்டாக எடுத்தால் நிழல்களில் நாய்ஸ் (புள்ளிப்புள்ளியான பிசிறு) மொய்க்கிறது. சரியான எக்ஸ்போஷரில் 10 பிட் லாகில் (ஒளி, நிழல் விவரங்களை அதிகம் காக்கும் பதிவுமுறை) எடுத்து, கிரேடிங்கில் (பிறகு கணினியில் நிறமும் ஒளியும் திருத்தும்போது) இருட்டாக இறக்குவது மேலா?

இன்னொன்று, ஜன்னலில் எரியும் விளக்கு வெயிலில் தெரிவதே இல்லை. எத்தனை வாட் பல்பு போட்டால் எடுபடும்? செய்து பார்த்தவர்கள் எண்களோடு சொன்னால் பேருதவி.