பெங்களூர் கிளப்ல லைவ் எலக்ட்ரானிக் ஷோ: தனியா போகலாமா?

குப்பம்_ஹெட்ஃபோன்
வணக்கம். ஊர் குப்பம், வயசு 24. கிரானைட் பாலிஷ் யூனிட்ல கணக்கு பாக்கறேன். பள்ளிக்கூட நாள்லேர்ந்து டெக்னோ, ஆம்பியன்ட்னு எலக்ட்ரானிக் இசையாவே காதுல மாட்டிக்கிட்டு இருக்கேன். வீட்லயும் வேலையிலயும் யாருக்கும் இதுல நாட்டம் கிடையாது. "இது என்ன வெளிநாட்டு இரைச்சல்"னு அப்பா கேப்பார்.

அடுத்த மாசம் ஒரு சனிக்கிழமை ராத்திரி, இந்திராநகர்ல ஒரு கிளப்ல லைவ் செட். டிஜே இல்ல, மாடுலர் சிந்தும் (தனித்தனிப் பகுதிகளை ஒயரால இணைச்சு சத்தம் உண்டாக்கற மின்கருவி) டிரம் மெஷினும் (தாளம் போடற மின்கருவி) வெச்சு அங்கயே உருவாக்கி வாசிக்கிறவர். ரொம்ப நாளா நான் கேக்கற ஆள். கூட வர யாரும் இல்ல, எனக்குக் குடிப்பழக்கமும் இல்ல. தனியா ஒரு பையன் போனா உள்ள விடுவாங்களா? எங்க நிக்கறது? முடிஞ்சதும் எப்படி ஊர் திரும்பறது?

மல்லானூர்க்காரன்
"ஸ்டாக் என்ட்ரி", அதாவது ஆம்பளை தனியா வந்தா அனுமதி, இருக்கான்னு முதல்ல கேளு தம்பி. சில கிளப்ல தனியா வர ஆம்பளைங்கள விடமாட்டாங்க. டிக்கெட்டைக் கையில வெச்சுக்கிட்டே வாசல்ல அரை மணி நேரம் நின்னு திரும்பி வந்திருக்கேன், இன்னும் ஆறல. நடத்தறவங்களுக்கு இன்ஸ்டாகிராம்ல எழுதிக் கேட்டு, பதிலை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோ. ஒரிஜினல் அடையாள அட்டை வேணும், போன்ல இருக்கற படத்தை எல்லா வாசல்லயும் ஒத்துக்கறதில்ல.

ராமகுப்பம் அக்கா
தம்பி, கண்டிப்பா போ. நான் ஒயிட்ஃபீல்டுல வேலை பாக்கறேன், இந்த மாதிரி ஷோவுக்கெல்லாம் தனியாதான் போவேன். கூட ஆள் வந்தா பாதி நேரம் அவங்களுக்குப் பிடிச்சிருக்கா, கால் வலிக்குதான்னே மனசு ஓடும். தனியா நின்னா காது முழுசா உனக்குத்தான். உன்னை யாரும் கவனிக்க மாட்டாங்க, எல்லார் முகமும் மேடைப் பக்கம்தான் இருக்கும்.

சீக்கிரம் போயிடு. ராத்திரி 1 மணிக்கு மூடியாகணும்ங்கறதால முக்கியமானவர் 11 மணி சுமாருக்கே ஏறிடுவார். முதல் ஒரு மணி நேரம் மேடைக்கு ஓரமா, அவர் கை தெரியற இடத்துல நில்லு. லைவ் செட்டோட உயிரே அந்தக் கைதான். போன தடவை நான் பாத்தவர் சிந்தோட பகுதிகளை இணைக்கற பேட்ச் கேபிள் ஒண்ணைப் பட்டுன்னு உருவினார், கிக் (தொம்தொம்னு அடிக்கற அடித்தாளம்) அப்படியே நின்னுபோச்சு. ஹை-ஹேட்ங்கற தாளத்தட்டுச் சத்தம் மட்டும் தனியா தட்டிக்கிட்டே இருந்தது. கூட்டம் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது, அவர் சத்தத்தோட சாயலை மாத்தற ஃபில்டர் குமிழை நூல் நூலாத் திருப்பறார். தப்பான ஓட்டையில சொருகினா என்ன சத்தம் வரும்னு அவருக்கே தெரியாது. அந்தத் துணிச்சலை ஹெட்ஃபோன்ல கேக்க முடியாது.

அப்புறம் பின்னாடி, சவுண்ட் இன்ஜினியர் மிக்சர் வெச்சிருக்கற இடத்துக்குப் போ. அவர் தன் காதுக்குக் கேக்கறபடிதான் சரிபண்ணுவார், அதனால அங்க சத்தம் சமமா இருக்கும். சுவரோரமும் மூலையும் வேணாம். 50 ஹெர்ட்ஸ் பேஸ் (கனத்த தாழ்ந்த சத்தம்) அலை ஒண்ணு கிட்டத்தட்ட 7 மீட்டர் நீளம், சின்ன ஹால்ல அது சுவர்ல மோதித் திரும்பி மூலையில குவியும், நடுவுல சில இடத்துல காணாமலே போயிடும். பேஸ் சரியில்லன்னு தோணினா நாலு அடி தள்ளி நின்னு பாரு. நம்மூர் கங்கம்மா ஜாத்திரையில மேளம் பக்கத்துல நின்னா நெஞ்சுக்கூடு அதிருமே, அந்த அதிர்வு அங்க கிடைக்கும்.

காதுக்கு அடைப்பான் இல்லாம போகாதே, இதை மட்டும் கெஞ்சிக் கேக்கறேன். அரங்குகள்ல 15 நிமிஷ சராசரி 100 டெசிபலைத் தாண்டக்கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2022ல சொல்லிச்சு. அமெரிக்காவோட தொழில் பாதுகாப்பு நிறுவனம் நயோஷ் கணக்குல, 100 டெசிபல்னா ஒரு நாளைக்கு 15 நிமிஷம்தான் பத்திரம். நீ நிக்கப்போறது மணிக்கணக்குல. உங்க யூனிட்ல போடற ஃபோம் அடைப்பான் கீச்சுன்னு கேக்கறதை அதிகமா வெட்டிடும், பாட்டு மழுங்கிப்போகும். இசைக்குன்னே ஃபில்டர் வெச்சு விக்கறதை வாங்கு, சத்தம் ஏறக்குறைய சமமாக் குறையும்.

குடிக்கலன்னா தண்ணியும் லைம் சோடாவும் போதும். டிக்கெட்ல கவர் சார்ஜ் (சாப்பாடு, பானத்துல கழிச்சுக்கற தொகை) சேர்ந்திருந்தா அதுலயே சாப்பிடலாம்.

அப்பாவுக்கு ஒரு பதில் இருக்கு. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துல 1969லயே மூக்ங்கற மாடுலர் சிந்தசைசர் வந்திறங்கிச்சு. மும்பையில சினிமா இசைக்கலைஞர் சரண்ஜித் சிங் 1982ல ரோலண்ட் கம்பெனியோட டிபி-303 பேஸ் சிந்த், டிஆர்-808 டிரம் மெஷின் ரெண்டையும் வெச்சு பத்து ராகம் வாசிச்சுப் பதிவு பண்ணினார். சிகாகோவில அதே டிபி-303 சத்தத்துல ஆசிட் ஹவுஸ்ங்கற நடன இசை கிளம்பறதுக்கு முன்னாடியே.

பங்காரப்பேட்டை பாசஞ்சர்
போறப்ப கே.ஆர்.புரத்துல இறங்கிடு, பர்ப்பிள் லைன் மெட்ரோ நேரா இந்திராநகர் போகும். திரும்பறதுதான் கஷ்டம், கிளப் மூடறப்ப மெட்ரோ இருக்காது, ஞாயிறு காலை 7 மணிக்குத்தான் ஆரம்பிக்கும். சிட்டி ஸ்டேஷன்ல ரயில்வே தங்கும் அறை, டார்மிட்டரி இருக்கு, ஆனா ரிசர்வேஷன் கன்ஃபர்ம் ஆன பி.என்.ஆர். கேக்கும். ரிசர்வேஷன் இல்லாத மெமு லோக்கல் ரயில் டிக்கெட் அதுக்கு உதவாது. காலையில ஜோலார்பேட்டைப் பக்கம் போற வண்டியில, குப்பத்துல நிக்குதான்னு பாத்து இப்பவே போட்டு வை.

வி.கோட்டா_பொண்ணு
அக்கா, எனக்கும் போகணும். பொண்ணா தனியா போறது வேற கதை இல்லையா?

ராமகுப்பம் அக்கா
வேறதான் கண்ணு. வாசல்ல தடை குறைவு, உள்ள கவனம் அதிகம் வேணும். நான் மிக்சர் பக்கமே நிப்பேன், வேலை செய்றவங்க கண்ணுல இருப்போம். கிளாஸை எங்கயும் வெச்சுட்டு நகரமாட்டேன். யாராவது தொந்தரவு பண்ணினா தயங்காம பவுன்சர்கிட்ட சொல்லு, பெண் பவுன்சர் இருந்தா இன்னும் நல்லது. வண்டியை உள்ள இருந்தே புக் பண்ணி, வாசலுக்கு வந்தப்புறம் வெளிய வா. எனக்குத் தனியா மெசேஜ் போடு, அந்த ராத்திரி என் ரூம்ல தங்கிக்கலாம்.

குப்பம்_ஹெட்ஃபோன்
நன்றி அக்கா, அண்ணா. நடத்தறவங்க பதில் போட்டாங்க, தனியா வரலாமாம். டிக்கெட் எடுத்துட்டேன். அடைப்பான் வாங்க எஸ்.பி. ரோட்ல நல்ல கடை இருந்தா சொல்லுங்க.